சிவகாசி காமிக்ஸும் முன்பணம் கட்டும் வாசகர்களும்

சிவகாசி என்றதும் வெளியூர் வியாபாரிகள் பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர் என்று மூன்று சரக்கைச் சொல்வார்கள். நான்காவதாக ஒரு சரக்கும் அங்கிருந்து 50 ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்நாடு முழுவதும் போய்க்கொண்டிருக்கிறது. நம்மவர்களில் பலர் அதைச் சரக்கு என்றே எண்ணுவதில்லை. முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் என்னும் படக்கதைப் புத்தகங்களைத்தான் சொல்கிறோம்.

சின்னப் பிள்ளைகள் பார்க்கிற பொம்மைப் புத்தகத்துக்கும் மளிகைக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று வணிகப் பெருமக்கள் கேட்கலாம். சம்பந்தம் இதுதான். அந்தப் புத்தகத்தை வாங்குகிறவர்களில் பெரும்பகுதியினர் ஒரு வருடத்துக்கான பணத்தை முன்கூட்டியே கட்டிவிடுகிறார்கள். கட்டுகிறபோது சரக்கு அச்சாகவே இருக்காது. சில சமயம் அது தாமதமாக வரும். வந்த சரக்கில் குறை இருந்தால் கடுமையாகச் சண்டை பிடிக்கிறார்கள். சண்டை பிடித்துவிட்டு அடுத்த வருடமும் பணம் கட்டுகிறார்கள். நம் கடையில் துவரம் பருப்பு கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏறினால், பத்து வருட வாடிக்கையாளர்கூட எதிர்க்கடையில் விலை கேட்டுவிட்டுத்தான் நம்மிடம் வருகிறார். இந்த வித்தியாசம் எப்படி உண்டாயிற்று என்பதைப் பார்ப்போம்.

முதலில் ஊர்க் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1922ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தது நம் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்ததே. தீப்பெட்டி வந்ததும் அதற்கு ஒட்ட லேபிள் வேண்டியிருந்தது. பட்டாசுப் பெட்டிக்குப் படம் வேண்டியிருந்தது. லித்தோ அச்சு வந்தது, பின்னாலேயே ஆப்செட் வந்தது. மழை குறைந்த வறண்ட பூமி என்பது வெடிமருந்துக்கு மட்டுமல்ல, காகிதத்துக்கும் மைக்கும் கூட வசதியாக அமைந்தது. லேபிளுக்கு வந்த எந்திரம் காலண்டர் அடித்தது, டைரி அடித்தது, நோட்டுப் புத்தகம் அடித்தது. அப்படிப்பட்ட ஊரில் எம். சௌந்திரபாண்டியன் 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். தொடக்க காலத்தில் ஆசிரியர் பொறுப்பைப் பார்த்தவர் முல்லை தங்கராசன். முதல் இதழின் பெயர் "இரும்புக்கை மாயாவி".

இந்த மாயாவி யார் என்று தெரியாத இளைய உறுப்பினர்களுக்காகச் சொல்கிறோம். லூயிஸ் கிராண்டேல் என்பவர் ஒரு விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். விபத்தில் வலது கையை இழந்து, அந்த இடத்தில் இரும்புக் கையைப் பொருத்திக்கொள்கிறார். மின்சாரம் தாக்கினால் அவருடைய உடம்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். முதல் கதையில் அவர் நல்லவரும் இல்லை. ஆள் தெரியாத சக்தி கிடைத்ததும் திருடத்தான் போகிறார். (கல்லாவில் கை மட்டும் தெரிந்து ஆள் தெரியாத மாயாவிகளை நம் தொழிலிலும் சிலர் பார்த்திருப்பார்கள்.) பிறகு திருந்தி, "நிழல் படை" என்னும் ரகசிய அமைப்பில் சேர்ந்து உலகத்தைக் காப்பாற்றுகிறார். 1972ல் நாம் அரைக்கால் சட்டை போட்டுத் திரிந்தவர்கள். சுவிட்ச் பெட்டிப் பக்கம் போனாலே எங்கள் தெருவில் வீட்டுப் பெரியவர்கள் சத்தம் போட்டதற்கு இந்த மாயாவியும் ஒரு காரணம்.

கதை நம்முடையது இல்லை. இங்கிலாந்தில் "வேலியன்ட்" என்ற வாராந்தரியில் 1962 அக்டோபரில் தொடங்கிய தொடர் அது. முதலில் எழுதியவர் கென் பல்மர், பிறகு எழுதியவர் டாம் டல்லி. படம் வரைந்தவர் பார்சலோனா ஊர்க்காரரான ஜீசஸ் பிளாஸ்கோ. ஆனால் இந்தப் பெயர்கள் அந்த நாளில் இங்கே யாருக்கும் தெரியாது. அந்த ஆங்கில வாராந்தரிகளே எழுதியவர் பெயரையும் வரைந்தவர் பெயரையும் போடுவதில்லை. லண்டனில் பெயர் இல்லாமல் அச்சான கதையைத் திருச்சுழியிலும் அருப்புக்கோட்டையிலும் பையன்கள் மனப்பாடமாகச் சொன்னார்கள். "சிவகாசிக்காரர் போடுகிற கதை" என்பதே அதற்கு அடையாளம். சரக்கு எங்கே விளைந்தது என்பதைப் பார்க்காமல் யார் கடையில் வாங்கினோம் என்பதைச் சொல்கிற வழக்கம் நம் தொழிலிலும் உண்டு.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் "லயன்" வாராந்தரி 1974லும் "வேலியன்ட்" 1976லும் நின்றுவிட்டன. அவற்றின் கதைகளைத் தமிழில் போட்ட சிவகாசிக் கம்பெனி இன்றும் நடக்கிறது. உற்பத்தி செய்தவன் கடையை மூடிய பிறகும் சில்லறைக்காரன் 50 வருடம் வியாபாரம் செய்கிறான் என்றால், அவன் விற்றது சரக்கை மட்டும் என்று சொல்ல முடியாது.

மாயாவியோடு சி.ஐ.டி. லாரன்ஸ் - டேவிட், ஜானி நீரோ ஆகியோரும் முத்து காமிக்ஸில் வந்தார்கள். இவர்களைப் பழைய வாசகர்கள் "மும்மூர்த்திகள்" என்றே அழைக்கிறார்கள். மந்திரவாதி மாண்ட்ரேக்கும் முகமூடி அணிந்த வேதாளரும் வந்தார்கள். 1984 ஜூலையில் சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 17. பள்ளிப் படிப்பை முடித்ததும் அப்பா கடையில் கல்லாவில் உட்கார்ந்த பிள்ளைகள் நம்மிடையே எத்தனையோ பேர் உண்டு. அதே வயதுதான். குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடர், இரும்பு மனிதன் ஆர்ச்சி என்று மாயாஜாலமும் விஞ்ஞானமும் கலந்த கதைகளால் லயன் பிடித்துக்கொண்டது. இந்த ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதியவர், அமெரிக்காவில் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். அதுவும் நமக்கு மிகவும் பின்னால் தெரிந்த செய்திதான்.

அதே 1984 ஜூலையில் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் வந்தது. பெரிய விநியோக பலம் உள்ள நிறுவனம். அதன் கைக்கு எட்டாத ஊரே கிடையாது. 500 இதழ்கள் வரை வந்து 2005ல் நின்றுபோனது. இடையில் முளைத்த வேறு காமிக்ஸ்களும் வந்த வேகத்தில் போயின. சிவகாசிக்காரர் மட்டும் நின்றார். அவரிடம் ராணியின் விநியோக பலமும் கிடையாது, விளம்பர பலமும் கிடையாது.

நின்றார் என்று ஒரு வரியில் எழுதிவிட்டோம். நல்லபடியாக நின்றார் என்று பொருள் இல்லை. 1990களில் வீட்டுக்கு வீடு கேபிள் டி.வி. வந்தது. பிள்ளைகள் புத்தகத்தைக் கீழே வைத்தார்கள். பத்திரிகை வியாபாரத்தில் உள்ள பழைய நோய் அதோடு சேர்ந்துகொண்டது. ஏஜென்ட் சரக்கை எடுப்பார், விற்ற பிறகு பணம் தருவார், விற்காததைத் திருப்பி அனுப்புவார். திரும்பி வரும் பிரதிக்கு அடுத்த மாதம் மதிப்பு கிடையாது. உளுந்து விற்காவிட்டால் அடுத்த வாரம் விற்கலாம், சொத்தையாகும் வரை நேரம் உண்டு. மாதப் புத்தகத்துக்கு அந்த நேரம் இல்லை. பேரேட்டில் வர வேண்டிய பாக்கி பெருகும், காகிதக்காரருக்குக் கொடுக்க வேண்டியது ரொக்கமாக நிற்கும். வெளிநாட்டுக் கதைக்கு உரிமைத் தொகையை வெளிநாட்டுப் பணமாகவே கட்ட வேண்டும். அதில் கடன் கிடையாது. 2000க்குப் பிறகு லயனும் முத்துவும் நினைத்தபோது வருகிற புத்தகங்களாகிவிட்டன. மாதக் கணக்கில் இதழே வராத காலமும் உண்டு. வேறு எந்தச் சரக்காக இருந்தாலும் வாடிக்கையாளர் அப்போதே மறந்திருப்பார்.

இவர்கள் மறக்கவில்லை. அதற்குக் காரணம் புத்தகத்தின் நடுவில் இருந்த ஒன்றிரண்டு பக்கங்கள் என்று நமக்குப் படுகிறது. "ஹாட்லைன்" என்ற தலைப்பில் ஆசிரியர் விஜயன் ஒவ்வொரு இதழிலும் வாசகர்களுக்கு எழுதுவார். இந்த இதழ் ஏன் தாமதம், அடுத்தது என்ன, எந்தக் கதைக்கு உரிமை கேட்டிருக்கிறோம், எது கிடைக்கவில்லை, காகிதம் என்ன விலை விற்கிறது, எல்லாம் அதில் இருக்கும். வாசகர் கடிதங்கள் திட்டோடு சேர்த்து வெளியாகும். "சிங்கத்தின் சிறுவயதில்" என்ற தொடரில் தொழில் தொடங்கிய கதையையும் அவரே எழுதினார். படிக்கிறவருக்குத் தான் வெறும் வாங்குகிறவன் என்ற எண்ணம் போய், கடையின் உள்கட்டில் உட்கார்ந்து பேசுகிறோம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. மாயாவியை எழுதிய ஆங்கிலேயருக்குக் கிடைக்க வேண்டிய அன்பெல்லாம் இந்த ஆசிரியர் கணக்கில் வரவானது இப்படித்தான். வாசகர்கள் அவரை "எடிட்டர்" என்று உரிமையோடு கூப்பிடுகிறார்கள், உரிமையோடு வைகிறார்கள்.

2010ல் ஒரு பரீட்சை நடந்தது. பெல்ஜியம் நாட்டு எழுத்தாளர் வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைந்த, நினைவிழந்த ஒரு மனிதனின் கதை, "இரத்தப் படலம்" என்ற பெயரில் தமிழில் பல ஆண்டுகளாகத் துண்டு துண்டாக வந்திருந்தது. அதன் 18 பாகங்களையும் சேர்த்து 800 பக்கங்களுக்கு மேல் ஒரே புத்தகமாக, 200 ரூபாய் விலையில் முன்பதிவுக்குப் போட்டார்கள். வழக்கமான இதழ் 10 ரூபாய் விற்ற காலம் அது. பணம் வந்தது. வாசகர் எங்கும் போய்விடவில்லை, வயதாகி வேலைக்குப் போய்க் கையில் காசோடு இருக்கிறார் என்பது அப்போது தெளிவானது.

அடுத்தது 2012 ஜனவரி. சென்னைப் புத்தகக் காட்சியில் "லயன் கம்பேக் ஸ்பெஷல்" வந்தது. விலை 100 ரூபாய். பத்து மடங்கு விலை என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. காகிதம் மாறியது, பக்கம் கூடியது, அதன் பிறகு கலர் வழக்கமானது. முன்பு சாணித்தாளில் கறுப்பு வெள்ளையாக வந்த சரக்கு வழவழப்பான தாளில் பெரிய அளவில் வந்தது. தரம் ஏறியது, விலையும் ஏறியது. ஆனாலும் 10 ரூபாய்க்குப் பழகிய வாடிக்கையாளரிடம் 100 ரூபாய் கேட்க எந்த வியாபாரிக்கும் நெஞ்சுரம் வேண்டும். மறு வருடம் ஜனவரியில், முத்து காமிக்ஸின் 40 ஆண்டு நிறைவை ஒட்டி 400 ரூபாய்க்கு ஒரு சிறப்பிதழ் முன்பதிவில் வந்தது. அதையும் வாங்கினார்கள்.

இப்போது நடக்கும் முறை இப்படி. ஐப்பசி, கார்த்திகை வாக்கில் அடுத்த வருட அட்டவணை வெளியாகும். எந்த நாயகர், எந்தக் கதை, எந்த மாதம் என்பது அதில் இருக்கும். எல்லாமும் எல்லோருக்கும் பிடிக்காது என்பதால் சந்தாவை ஏ, பி, சி என்று பிரித்து, விருப்பப்பட்டதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பணம் கட்டியவருக்கு மாதா மாதம் அட்டைப் பெட்டியில் கூரியரில் புத்தகங்கள் போகின்றன. எத்தனை பேர் கட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு அச்சுக்குப் போவதால் தேக்கம் குறைவு. வருட ஆரம்பத்திலேயே ரொக்கம் கைக்கு வருவதால் காகிதத்துக்கு வட்டி கட்ட வேண்டியதில்லை.

இந்த முறை நமக்குப் புதிதில்லை. பட்டாசுச் சீட்டு நம் மாவட்டத்தில் பிறந்த பிள்ளைக்கெல்லாம் தெரியும். தை மாதத்திலிருந்து மாதம் இவ்வளவு என்று கட்டினால் தீபாவளிக்கு ஒரு பெட்டி பட்டாசு வீட்டுக்கு வரும். அதே நம்பிக்கைதான். சீட்டுப் பணத்தோடு ஓடிப்போனவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். ஒருவர் ஓடினால் அந்தத் தெருவில் அடுத்த ஐந்து வருடம் யாரும் சீட்டுப் பிடிக்க முடியாது. தாமதமானாலும் புத்தகம் வீடு வந்து சேர்ந்துவிடும் என்ற பெயர் இல்லாவிட்டால், லயனுக்கும் சந்தா என்ற ஒன்று இருந்திருக்காது.

வாசகர்களின் ஆர்வத்தை நேரில் பார்க்க வேண்டுமானால் ஆகஸ்ட் மாதம் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் போக வேண்டும். அந்தச் சமயத்தில் வருடா வருடம் இவர்கள் அங்கே கூடுகிறார்கள். பாங்கு அதிகாரி, வாத்தியார், லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர், வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வந்தவர் என்று தலை நரைத்தவர்களாக இருப்பார்கள். "பாம்புத் தீவு" எந்த வருடம் மறுபதிப்பு, அட்டையில் மாயாவி எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று வாக்குவாதம் நடக்கும். இத்தாலியில் 1948லிருந்து வரும் டெக்ஸ் வில்லர் என்ற கௌபாய் வீரர்தான் இன்று லயனின் முதல் நட்சத்திரம். தீபாவளிக்குப் பட்டாசு போலவே டெக்ஸ் மலரும் சிவகாசியிலிருந்து போகிறது. மாயாவிதான் பெரியவர் என்று பழைய கட்சியும், அந்தக் கதையெல்லாம் இப்போது காதில் பூச்சுற்றுவது போல இருக்கிறது என்று புதிய கட்சியும் மோதிக்கொள்ளும். மின்சாரம் பட்டால் மறைவது நடக்கிற காரியமா என்று கேட்கக்கூடாது. விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்த நாம் வேதாளம் பேசுமா என்று எப்போது கேட்டோம்?

2022 ஜனவரியில் முத்து காமிக்ஸுக்கு 50 ஆண்டுகள் நிறைந்தன. 2024ல் லயனுக்கு 40.

குறையையும் சொல்ல வேண்டும். இந்த வாடிக்கையாளர்களின் தலை நரைத்துவிட்டது என்று மேலே எழுதினோம். அதுதான் பெரிய குறை. அப்பா சந்தா கட்டுகிறார், மகன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு செல்போனுக்குப் போய்விடுகிறான். கார்ட்டூன் கதைகளைப் போட்டுப் பிள்ளைகளை இழுக்கப் பார்த்தார்கள். அதையும் பெரியவர்களே வாங்குகிறார்கள். நூறு, இருநூறு கொடுத்து ஒரு புத்தகம் வாங்க பத்து வயதுப் பையனிடம் காசு ஏது? நம் காலத்தில் சில்லறைக் காசைச் சேர்த்து நாமே வாங்கினோம். இருக்கும் வாசகரைத் தக்க வைப்பதற்காகத் தரத்தையும் விலையையும் ஏற்றியதே புதிய வாசகருக்குக் கதவை அடைத்ததோ என்ற சந்தேகம் நமக்கு உண்டு. அந்த ஏற்றம் இல்லாவிட்டால் 2012லேயே கதை முடிந்திருக்கலாம் என்பதையும் மறுக்க முடியாது. இரண்டும் உண்மையாக இருப்பதுதான் தொழிலின் கஷ்டம்.

நம் கடைகளின் நிலையும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. மாதச் சிட்டை எழுதிக் கொடுத்து மொத்தமாகச் சாமான் எடுத்தவர்கள் வயதாகிவிட்டார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் செல்போனில் ஆர்டர் போடுகிறார்கள். விலையில் அந்தக் கம்பெனிகளோடு நாம் மோதி ஜெயிக்க முடியாது. விருதுநகர் மார்க்கெட் நிலவரம் நாளிதழில் வருகிற ஊரில் இருந்துகொண்டு, மிளகாய் வற்றல் ஏன் ஏறியது, மல்லி எப்போது இறங்கும் என்பதை நம்மில் எத்தனை பேர் வாடிக்கையாளரிடம் சொல்கிறோம்? "விலை ஏறிப்போச்சு" என்ற இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிறோம். புது வரத்து சித்திரையில் வரும், அதுவரை அரைக் கிலோ எடுங்கள் என்று சொல்லும் கடைக்காரரிடமிருந்து வாங்குகிறவர் லேசில் விலகுவதில்லை. அன்றைக்கு அரைக் கிலோ வியாபாரம் குறைவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஹாட்லைன் பக்கத்தில் நடப்பது இதே காரியம்தான். அதற்குக் காகிதச் செலவு இரண்டு பக்கம். நமக்கு அதுவும் கிடையாது, வாய் இருந்தால் போதும். நல்லெண்ணெய், வெல்லம், பொங்கல் சாமான் போன்ற பருவச் சரக்குக்கு முன்பதிவு வாங்கிக் கொள்முதல் செய்வது சிறு கடைகளுக்கும் முடியக்கூடியதே. எத்தனை வீடு, எத்தனை கிலோ என்று தெரிந்து வாங்கினால் மண்டியில் நாம் விலை பேசும் தோரணையே வேறாக இருக்கும். ஆனால் முன்பணம் வாங்கிய பிறகு சொன்ன தேதியில் சொன்ன சரக்கு போக வேண்டும். இடையில் விலை ஏறினால் அந்த நட்டம் நம்முடையது. இதற்குத் தயாராக இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

கடைசியாக நேரடியாகப் பயன்படும் ஒரு தகவல். பொட்டலம் கட்டுவதற்கு நம் கடைகளில் பழைய காகிதத்தை எடைக்கு வாங்குவது பரம்பரை வழக்கம். செய்தித்தாள், பரீட்சைத் தாள், வாரப் பத்திரிகை ஆகியவற்றோடு அந்த நாளில் படக்கதைப் புத்தகங்களும் கட்டுக் கட்டாக வந்தன. கையடக்கத் தாள் என்பதால் 50 கிராம் கடுகுக்கும் சீரகத்துக்கும் அளவெடுத்தது போல இருக்கும். மாயாவியும் மாண்ட்ரேக்கும் தமிழ்நாட்டில் பாதி அழிந்தது இந்த வழியில்தான். மிஞ்சியவற்றுக்கு இன்று அச்சடித்த விலையைப் போலப் பல மடங்கு கொடுக்க ஆள் இருக்கிறது. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த பிறகு பல கடைகளில் காகிதக் கட்டுகள் மறுபடி பரணிலிருந்து இறங்குகின்றன. பழைய கட்டடத்தில் கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள் கட்டைப் பிரிக்கிறபோது ஒருமுறை பார்த்துக்கொள்ளவும். முத்து காமிக்ஸ் என்ற பெயரோடு 1970களின் இதழ் அட்டை கிழியாமல் கிடைத்தால், எடைக்கும் போடாமல் பொட்டலத்துக்கும் கிழிக்காமல் தனியே எடுத்து வையுங்கள். விலை கேட்டு வருகிறவரிடம் முதல் பேச்சிலேயே கொடுத்துவிடவும் வேண்டாம்.